அந்துருண்டையிலிருந்து அறுவை அரங்கு வரை: கே.எஸ். கிருஷ்ணனின் படிகங்கள்

புது தில்லியின் கோல் மார்க்கெட் 1921இல் எழுந்தது. அதைச் சூழ்ந்த அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ் எழுத்தர்களின் வரலாறு, 1923இல் தொடங்கிய கல்விச் சங்கம், மந்திர் மார்க் பள்ளி, கோயில், சபா என்ற வரிசையிலேயே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், பூசாவில், 1950 ஜனவரி 21 அன்று தேசிய இயற்பியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனின் இணையாளர் என்ற ஒற்றை அடைமொழியோடு அவரை நாம் நிறுத்திவிட்டோம். 1930களில் கல்கத்தாவில் அவர் செய்த வேறொரு பணி, இன்று அறுவையின்போது பீட்டாக் கதிரைப் படம்பிடிக்கும் கருவியை விளங்கிக்கொள்ளத் துணைசெய்வது.

நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற கரிமப் படிகங்களே அன்று அவர் களம். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எத்திசையில் சாய்ந்துள்ளன என்பதே அவர் கேள்வி. அவரும் சேஷனும் ஆந்த்ரசீனில் மிகச் சிறிதளவு டெட்ரசீனைக் கலந்து, அந்த விருந்தாளி மூலக்கூறுகளின் அமைவை ஒளியின் துணையால் கணித்தனர். இக்கலவையில் விந்தை ஒன்றுண்டு. ஒளியை ஏற்பது பெரும்பாலும் ஆந்த்ரசீன். ஆனால் அதன் நீல ஒளிர்வு மங்கி, டெட்ரசீனின் பசுமஞ்சள் ஒளிர்வே வெளிப்படும். உண்பவர் ஒருவர், ஏப்பம் விடுபவர் இன்னொருவர்.

1947இல் பெர்லினில் ஹார்ட்முட் கால்மன், அந்துருண்டையின் மூலப்பொருளான நாப்தலீனில் கதிர் படும்போது தோன்றும் மினுக்கத்தை ஒளிமின் பெருக்கியால் எண்ணிக் காட்டினார். 1950இல் ஷோர், டோர்னி இருவரும் பாலிஸ்டைரீனில் டெர்ஃபினைலைக் கரைத்துப் பிளாஸ்டிக் சின்டிலேட்டரை உருவாக்கினர். இங்கும் அதே கைமாற்றம்தான்: பாலிஸ்டைரீன் ஆற்றலை ஏற்கிறது, சிறுபங்கேயான டெர்ஃபினைல் ஒளிர்கிறது.

மூளைக்கட்டியை அகற்றும் மருத்துவருக்கு எங்கே நிறுத்துவது என்பதே சிக்கல். குறைத்து வெட்டினால் கட்டி மிஞ்சும். கூட்டி வெட்டினால் பேச்சோ கையசைவோ போகும். 1949இல் பாஸ்டனில் செல்வர்ஸ்டோன், ஸ்வீட், ராபின்சன் மூவரும் நோயாளிக்குப் பாஸ்பரஸ்-32 செலுத்தி, நுண்ணிய கைகர் எண்ணியால் கட்டியின் எல்லையைத் தேடினர். பீட்டாத் துகள் திசுவில் சில மில்லிமீட்டரே செல்லும். ஆதலால் கருவி தொடும் இடத்தை மட்டுமே அது சொல்லும். ஃபுளோரின்-18 போன்ற பாசிட்ரான் உமிழிகளிலோ ஒரு தொல்லை உண்டு. உடலின் வேறு பகுதிகளிலிருந்து 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர்களும் வந்து எண்ணிக்கையைக் குழப்பும்.

பிளாஸ்டிக்கின் குறை நிறையாவது இங்கேதான். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.03 கிராம், சோடியம் அயோடைடுக்கு 3.67. பிளாஸ்டிக்கின் மெல்லிய தகடு பீட்டாவைத் தடுத்து ஒளிரும், காமாவைப் பெரும்பாலும் போகவிடும். 1990களில் அமெரிக்கக் குழுக்கள் அத்தகைய சிறு கருவிகளைச் செய்தபோது, எஞ்சிய காமாவை இரண்டாவது சின்டிலேட்டரால் அளந்து கழிக்கும் முறையையும் கையாண்டன.

இவ்வளவையும் கொண்டு ‘சின்டிலேட்டரைக் கண்டவர் தமிழர்’ என்று எழுதக் கிளம்புவது வரலாறாகாது. கிருஷ்ணன் கதிரைத் தேடவில்லை. மூலக்கூறின் சாய்வைத் தேடினார். அவர் தில்லியில் இருந்தபோதே, 1956இல், பாதுகாப்பு அறிவியல் ஆய்வகத்தில் ஒரு கதிரியக்கப் பிரிவு தோன்றி, 1961இல் இன்மாஸ் என்னும் அணு மருத்துவ நிறுவனமாக வளர்ந்தது. தைராய்டு ஆய்வு அதன் முக்கியத் துறைகளுள் ஒன்று. அயோடின்-131இல் பீட்டா சிகிச்சைக்கு. படத்துக்குக் காமாவே போதும். பீட்டாவைப் படம்பிடிக்கும் தேவை அங்கு எழவில்லை. அதே 1961 ஜூனில் கிருஷ்ணன் மறைந்தார்.

பிளாஸ்டிக் சின்டிலேட்டர் பேரளவில் வார்க்கப்பட்டது உதகையில். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில், 1 சதுர மீட்டர் பரப்புள்ள சுமார் 400 உணர்விகள் காஸ்மிக் கதிர்ப் பொழிவை எண்ணுகின்றன. அவற்றுக்கான பிளாஸ்டிக்கை அங்கேயே செய்துகொண்டனர்.