ஒன்பது ஊசி

"ஏந்தம்பி, புதுப் பொட்டியில அந்த ஒம்போது ஊசியவே காணமே?"

சங்ககிரிப் பக்கம் ஒரு எடைமேடையின் உரிமையாளர் என்னிடம் இப்படிக் கேட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். ஈரோட்டிலிருந்து புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து வைத்திருந்தார். எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து வருகிற வயரை மாட்டத்தான் பின்பக்கம் இடமில்லை. மேடையில் சிமென்ட் லாரி ஒன்று ஏறி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "இனிமே அது வராதுங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு முழ நீலக் கயிறு போன்ற ஒன்றை எடுத்தேன். ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை ஒன்பது ஊசி. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் கன்வெர்ட்டர்.

அதை வெறும் வயர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு சில்லு இருக்கிறது. கம்ப்யூட்டரிடம் அது யுஎஸ்பி பேசும். இண்டிகேட்டரிடம் திரும்பி, 1960இல் அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிலகங்களின் சங்கம் வகுத்த ஆர்எஸ் 232 என்ற பழைய பாஷையைப் பேசும். மோடத்தோடு டெலிபிரிண்டரை இணைக்க வந்த பாஷை அது. அதே 1960இல்தான் சென்னை கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனமும் தொடங்கியது.

அந்தக் கால வாசனை பிடிக்க வேண்டுமானால் மியூசியத்துக்குப் போக வேண்டாம். கன்வெர்ட்டரைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற வரியைத் திறந்து, ப்ராபர்ட்டீஸில் போர்ட் செட்டிங்ஸைப் பாருங்கள். முதல் பட்டியலில் வேகம். 9600 என்று இருக்கும். மேலே தள்ளிக்கொண்டே போனால் 110 வரும். இன்றைக்கு யாருக்கு அது? 1963இல் வந்த டெலிடைப் 33 என்ற இயந்திரத்தின் வேகம் அது, நொடிக்குப் பத்து எழுத்து. அடுத்தது டேட்டா பிட்ஸ்: அந்தப் பட்டியலில் 5உம் இருக்கும். அந்த 5, பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ 1870களில் ஐந்து துடிப்பில் ஓர் எழுத்து என்று வகுத்த முறையின் மிச்சம். 'பாட் ரேட்' என்று நாங்கள் நாளெல்லாம் சொல்லும் 'பாட்' அவருடைய பெயர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டாப் பிட்ஸ் என்ற வரி. 1, 1.5, 2 என்று மூன்று. ஒரு எழுத்து அடித்து முடித்ததும் டெலிபிரிண்டரின் இரும்புப் பாகங்கள் நிலைக்குத் திரும்ப மூச்சு விடும் நேரம் வேண்டும். அதற்காக விட்ட இடைவெளி. அசையும் இரும்பே இல்லாத இண்டிகேட்டரும் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் அந்த மூச்சை விட்டுக்கொண்டுதான் எடையை அனுப்புகிறது.

கம்ப்யூட்டருக்கு இந்தத் துளை வந்த கதை சின்னது. 1981இல் ஐபிஎம் பிசிக்கு இருபத்தைந்து ஊசியோடு ஓர் அட்டை வந்தது. 1984இல் ஐபிஎம்மின் ஏடி மாடல் வந்தபோது அது ஒன்பதாகக் குறைந்தது. 1996இல் யுஎஸ்பி வந்தது, 1998இல் ஆப்பிளின் ஐமேக் பழைய துளைகளை எல்லாம் கைவிட்டது, மற்றவர்கள் மெதுவாகப் பின்னால் போனார்கள்.

எங்கள் வேலை மாறியது அங்கேதான். பழைய ஒன்பது ஊசித் துளைக்குக் கம்ப்யூட்டரில் காம் 1 என்று பெயர், வீட்டுக் கதவு எண் மாதிரி. அதன் முகவரி 3எஃப்8, எந்தப் பெட்டியிலும் அதே இடம். செட்டப் என்று தனியாக ஒன்றுமில்லை. வேலையெல்லாம் ஈயப் பற்றவைப்பில் இருந்தது: 2ஆம் ஊசியையும் 3ஆம் ஊசியையும் நேராக விடுவதா, குறுக்கே மாற்றுவதா, 5இல் தரை சரியாக ஒட்டியிருக்கிறதா. யுஎஸ்பியில் வருகிறவன் ஒவ்வொருவனும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். அறிமுகம் செய்து வைக்க டிரைவர் வேண்டும். சால்டரிங் அயர்னை வைத்துவிட்டு சிடியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

அந்த அறிமுகத்திலும் வம்பு உண்டு. 2014 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, தன் சில்லைப் போல் செய்யப்பட்ட போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. கம்ப்யூட்டர்களுக்கு அவை யாரென்று தெரியாமல் போயிற்று. கூச்சல் எழுந்ததும் டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவன் மேல் கோபம் நியாயம்; அதை அறியாமல் வாங்கியவன் பொருளைக் கெடுத்தது நியாயமில்லை என்பது என் கட்சி.

எனக்கு நேர்ந்த வம்புக்குப் போலியும் காரணமில்லை, டிரைவரும் காரணமில்லை. முதலில் சொன்ன அதே எடைமேடை. ராத்திரி பதினொன்றரைக்குப் போன். "எடை ஏறவே மாட்டேங்குதுங்கண்ணா, சைபராவே நிக்குது." இண்டிகேட்டரில் எடை தெரிகிறதாம், திரையில்தான் இல்லையாம். பைக்கில் போய்ச் சேர்ந்தபோது வரிசையில் ஏழு லாரி. கன்வெர்ட்டரைக் கழற்றி, சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் 2, 3 ஊசிகளைச் சேர்த்துத் தொட்டுக்கொண்டு, டெர்மினலில் ஓர் எழுத்தைத் தட்டினேன். அனுப்பிய எழுத்து அப்படியே திரும்பி வந்தது. சாமான் நன்றாக இருக்கிறது. அப்புறம் டிவைஸ் மேனேஜரைப் பார்த்தால் காம் 7.

"இதக் கழட்டுனீங்களா தம்பி?"

"போனுக்குச் சார்ஜ் போட்டேங்கண்ணா. அப்பறம் பக்கத்து ஓட்டைல சொருகீட்டேன்."

தனி வரிசை எண் இல்லாத மலிவுச் சில்லு அது. துளை மாறினால் விண்டோஸ் புது ஆள் என்று நினைத்துப் புது எண் கொடுத்துவிடும். எடை மென்பொருளோ பழையது. காம் 1 முதல் 4 வரைக்கும்தான் அதற்கு உலகம். அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி 7ஐ 1 ஆக்கினேன். ஒரு நிமிட வேலை. முதல் லாரி 28,640 கிலோ என்று திரையில் விழுந்ததும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரத்தது.

எடைமேடை வைத்திருப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கன்வெர்ட்டர் செருகிய துளைக்கு மேல் 'தொடாதே' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ராத்திரி வேலைக்கு வருகிற பையனுக்கு, போனுக்குச் சார்ஜ் போடத் தனியாக ஒரு பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுங்கள்.