பூங்காவும் பொது ஒழுங்கும்

புகார் நகரத்தில் பூஞ்சோலைகள் பல இருந்தன. ஆயினும் அவை அனைத்தும் அனைவருக்கும் திறந்திருக்கவில்லை. மலர் கொய்யப் புறப்படும் மணிமேகலை எந்தச் சோலைக்குப் போகலாகாது, ஏன் போகலாகாது என்று சுதமதி எடுத்துரைப்பதைச் சாத்தனார் பாடியிருக்கிறார். இலவந்திகையின் மதிற்புறத்தே மன்னனின் பரிவாரத்தார் இருப்பர், உய்யானம் வானவர்க்குரியது, வேறு இரு வனங்கள் தெய்வக் காவல் உடையன. அவள் செல்லத்தக்கதென்று இறுதியிற் கூறப்படுவது உவவனம் ஒன்றே. சோலையின் முதல் விதி, ‘யார் உள்ளே வரலாம்’ என்பதாகவே இருந்தது.

நாம் குடியேறி வாழும் தில்லி மாநகரின் கதையும் இதற்கு வேறன்று. ஷாஜஹான் மன்னரின் மகள் ஜஹானாரா சாந்தனி சௌக்கின் வடபால் அமைத்த தோட்டம் அரண்மனை மகளிர் உலாவுவதற்கென்றே மதில் சூழ இருந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் ஆங்கிலேயர் அதனை மேனாட்டு முறைப் பூங்காவாக மாற்றினர். அரச குடும்பத்தின் தோட்டம் நகரத்தின் தோட்டமாயிற்று.

நம்மவர் குடும்பங்கள் நன்கறிந்த லோதி தோட்டத்தின் வரலாறோ இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1444இல் மறைந்த முகம்மது ஷாவின் சமாதி, 1494இல் எழுந்த மசூதி, 1517இல் மறைந்த சிக்கந்தர் லோதியின் சமாதி ஆகியவற்றைச் சூழ்ந்து கைர்ப்பூர் என்னும் சிற்றூர் இருந்தது. அவ்வூர் மக்கள் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டனர். பின்னர் 1936 ஏப்ரல் 9ஆம் நாள் வைசிராயின் மனைவியார் பெயரால் ‘லேடி வில்லிங்டன் பூங்கா’ திறக்கப்பெற்றது. 1947க்குப் பின்னரே அது லோதி தோட்டம் ஆயிற்று. 1968இல் இன்றைய வடிவம் பெற்றது. விடுமுறை நாளில் நாம் அங்கே கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்க்கும் இடம் ஒருகால் ஒருவருடைய வீட்டு முற்றமாக இருந்திருக்கக்கூடும். பலருக்காகச் சிலர் இழந்த நிலம் அது. அதனைப் பேணும் கடமை நமக்கு இரட்டிப்பாகிறது.

சோலையின் இரண்டாம் விதி, ‘உள்ளே வந்தவர் என்ன செய்யலாகாது’ என்பது. லோதி தோட்டத்தின் புல்வெளியைப் புதுதில்லி நகராண்மைக் கழகம் பேணுகிறது. அதனுள் நிற்கும் சின்னங்களோ தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. தொல்லியற் சின்னங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1959இல் விதிகள் வகுக்கப்பெற்றன. அவற்றின்படி, காக்கப்பெறும் சின்னத்தின் எல்லைக்குள், அனுமதிக்கப்பெற்ற இடத்திலன்றிச் சமைத்தலும் உண்ணலும் ஆகா; உரிமம் இன்றிப் பொருள் விற்றல் ஆகாது; இரத்தலும் விலங்குகளைக் கொணர்தலும் ஆகா. சுவரிற் பெயர் கீறிச் சின்னத்தைச் சிதைப்போருக்கு 1958இல் விதிக்கப்பெற்ற தண்டம் மூன்று திங்கள் சிறையோ ஐயாயிரம் ரூபாயோ ஆகும். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஈராண்டுச் சிறை, ஓர் இலட்சம் ரூபாய் என்னும் அளவுக்கு உயர்த்தியது. தண்டம் உயர்ந்தது என்பது நமக்குப் பெருமை தருவதன்று. ஐந்நூறு ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய சுவர், ஆணியேந்திய கையைத் தாங்கமாட்டாமல் நிற்கிறது என்பதே அதன் பொருள்.

மூன்றாம் விதி ஒன்றும் உண்டு. அது ஆள்வோரைக் கட்டுப்படுத்துவது. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்பெற்ற நிலம், தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அளிக்கப்பெற்றது. அப்பகுதி மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1991இல் உச்ச நீதிமன்றம், பூங்காவுக்கென்று வகுத்த இடத்தை அவ்வாறு மாற்றிக் கொடுத்தல் செல்லாது என்றும், அவ்விடத்தில் வாழ்வோர்க்கு வழக்காடும் உரிமை உண்டு என்றும் தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் நல்லதொரு பணிக்கே என்பது உண்மை. ஆயினும் குழந்தை ஓடுவதற்கும் முதியவர் மூச்சு வாங்கி அமர்வதற்கும் உரிய வெளி பிறர் விருப்பத்திற்கு எடுத்துக் கொடுக்கும் சரக்கன்று என்பதை நீதிமன்றம் நிலைநாட்டியது.

உரிமையைப் பேசிய நாம் நம் குறையையும் பேசுதல் முறை. ஆண்டு விழாக்களை நாம் காலனிப் பூங்காவிற் பந்தலிட்டு நடத்துவதுண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் அதனை முழக்குதல் ஆகாது. விழாக் காலங்களில் ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்களிக்கலாம். இதனை அறிந்திருந்தும், நாடகம் நன்றாக நடக்கிறது என்ற மகிழ்ச்சியில் மணி பத்தானதை மறந்த இரவுகள் நமக்கு உண்டு. அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படித்த பிள்ளைக்கு நம் நாடகம் இன்பமாகவா இருந்திருக்கும்?

மாலை வேளையில் நம் சிறுவர் பந்தாடுவதும், உலாவ வரும் முதியவர் சினப்பதும், மறுநாள் ‘விளையாடக் கூடாது’ என்று பலகை எழுவதும் எல்லாக் காலனிகளிலும் காணும் காட்சி. அப்பலகை மறைமுகமாக, ‘யார் உள்ளே வரலாம்’ என்ற பழைய விதியையே மீண்டும் எழுதுகிறது. அதற்கு மாற்றாக, விடியலை உலாவுவோருக்கும் மாலையைச் சிறுவருக்கும் வகுத்து, ஒரு மூலையை முதியவர்க்கும் தாய்மார்க்கும் விட்டுவைத்தால் பூசலுக்கு இடமில்லை. இதற்குச் சட்டம் வேண்டா. நான்கு வீட்டார் கூடிப் பேசினாற் போதும்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, இந்நகரில் பட்டா இன்றியே சொந்தமாகும் நிலம் பூங்கா ஒன்றே. சொந்தமென்று எண்ணுவோர் அங்கே குப்பையிடார், பிறரையும் விரட்டார். புகார் நகரத்து உவவனம் போல, எவரும் அஞ்சாது புகத்தக்க சோலையாக நம் காலனிப் பூங்கா விளங்குமாயின், அதனினும் சிறந்த சங்கப் பணி வேறில்லை.