பெருந்தொற்றுக்காலத் தீவிர சிகிச்சை ஆய்வுகளும் மேற்கோள்களும்

ஓர் ஆய்வுக்கட்டுரை, தனக்கு முன் வந்த கட்டுரை ஒன்றைச் சான்றாகச் சுட்டுவது மேற்கோள் எனப்படும். ஒரு கட்டுரை எத்தனை முறை சுட்டப்பட்டது என்ற எண்ணிக்கை இன்று ஆய்வாளரின் பதவி உயர்விலும் பல்கலைக்கழகத் தரவரிசையிலும் கணக்கில் கொள்ளப்படுகிறது. மயக்கவியலிலும் தீவிர சிகிச்சையிலும் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் நோயாளியின் உயிர் இருக்கிறது. 2020இல் பரவிய கோவிட்-19 பெருந்தொற்று இதைத் தெளிவாகவே காட்டியது.

மேற்கோள் சுட்டி என்ற கருத்தை அறிவியலுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. 1955இல் 'சயன்ஸ்' இதழில் அவர் இதை முன்மொழிந்தார்; 1964இல் அறிவியல் மேற்கோள் சுட்டி வெளிவந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னாளில் எந்த நீதிமன்றம் ஏற்றது, எது தள்ளியது என்று வழக்கறிஞர்களுக்குக் காட்டும் அமெரிக்கச் சட்டத் தொகுப்பே அவருக்கு முன்மாதிரி. பொய்யான, காலாவதியான தரவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டுவதைத் தடுக்கலாம் என்பது அவர் சொன்ன பயன்களுள் ஒன்று. எச்சரிக்கை மணியாகவும் இருக்க வேண்டிய கருவி மதிப்பெண் பட்டியலாக மாறியது பிற்காலக் கதை.

அந்த மணி ஒலிக்காததன் விளைவை மயக்கவியல் துறை பெருந்தொற்றுக்கு முன்பே கண்டது. ஜெர்மானிய மயக்கவியல் மருத்துவர் யோவாகிம் போல்ட், இரத்த அழுத்தம் சரிந்த நோயாளிகளுக்கு நரம்பு வழியே ஏற்றப்படும் ஹைட்ராக்சிஎதில் ஸ்டார்ச் நீர்மம் பற்றி ஏராளமாக எழுதியவர். 2010இல் அவருடைய கட்டுரை ஒன்று திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு பல இதழ்களின் ஆசிரியர்கள் கூடி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாத ஏறத்தாழ 90 கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர். 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 38 ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வு வெளிவந்தது. போல்டின் 7 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த நீர்மத்தின் ஆபத்து தெளிவாகத் தெரியவில்லை. அவற்றை நீக்கியதும், நீர்மம் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதல் என்பது வெளிப்பட்டது.

பெருந்தொற்றின் தொடக்கத்தில் மேற்கோள்கள் முந்தி வந்தவர்களிடமே குவிந்தன. ஊகான் நகர நோயாளிகள் 41 பேரை மட்டுமே விவரித்து 2020 சனவரியில் 'லான்செட்' வெளியிட்ட கட்டுரை, அந்தக் காலத்தில் மிக அதிகமாகச் சுட்டப்பட்டவற்றுள் ஒன்று. இத்தாலியத் தீவிர சிகிச்சை வல்லுநர் லூசியானோ கட்டினோனியும் சக மருத்துவர்களும் 16 நோயாளிகளைக் கொண்டு எழுதிய கடிதம், செயற்கைச் சுவாசக் கருவியை எப்படி இயக்குவது என்ற உலகளாவிய விவாதத்துக்கு அடிப்படையானது. வேறு தரவு இல்லாத வாரங்களில் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. பெரிய ஆய்வுகள் வந்தபிறகும் எண்ணிக்கையில் முதலில் வந்தவையே முன்னிற்பதுதான் சிக்கல்.

சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனத்தின் விவகாரம் இதைவிட மோசமானது. 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளை ஆராய்ந்ததாகக் கூறி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் இறப்பைக் கூட்டுகிறது என்ற கட்டுரை 2020 மே 22 அன்று 'லான்செட்' இதழில் வந்தது. உலக சுகாதார அமைப்பு அம்மருந்துச் சோதனையை நிறுத்திவைத்தது. மூலத் தரவை யாரும் சரிபார்க்க முடியாததால் சூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே நிறுவனத் தரவை நம்பிய இன்னொரு கட்டுரையை 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' அன்றே திரும்பப் பெற்றது. இது உலகச் செய்தியானது. ஆனாலும் இவ்விரண்டையும் அதன்பின் மேற்கோள் காட்டிய 200 கட்டுரைகளை 'சயன்ஸ்' இதழ் ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டதைக் குறிப்பிடாமலேயே அவற்றைச் சான்றாகக் கொண்டிருந்தன.

இந்தியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. நல்ல ஆய்வு இருந்தும் நடைமுறை அதைப் பின்பற்றவில்லை. குணமடைந்தோரின் பிளாஸ்மா பயன்தருமா என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் சோதித்தது. பிளாஸ்மா பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது அல்லது இறப்பு நேர்ந்தது. 2020 அக்டோபரில் 'பி.எம்.ஜே.' இதழ் இம்முடிவை வெளியிட்டது. தேசிய சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டதோ 2021 மே மாதத்தில்தான். இரண்டாம் அலையின் உச்சத்தில் குடும்பங்கள் பிளாஸ்மா கேட்டுச் சமூக ஊடகங்களில் மன்றாடியபோது, அது பலன் தராது என்ற இந்தியச் சான்று அச்சேறி ஆறு மாதங்கள் கடந்திருந்தன.

நம் பகுதியின் தரவும் உலக இலக்கியத்தில் இடம்பெற்றது. 2020 செப்டம்பர் 30 அன்று 'சயன்ஸ்' இதழ், தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களின் தொடர்பறிதல் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டது. ரமணன் லட்சுமிநாராயண் தலைமையிலான அக்குழுவில் இரு மாநிலங்களின் அரசு அலுவலர்களும் இருந்தனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தது பொருத்தமே. திருத்தணி போன்ற ஊர்களில் எல்லைக்கோடு அன்றாட வாழ்வைப் பிரிப்பதில்லை. 1960இல்தான் அவ்வூர் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. மலைக்கோயிலுக்கு இன்றும் இரு பக்கத்தினரும் வருகின்றனர்.

84,965 நோயாளிகளும் அவர்களுடன் தொடர்பிலிருந்த 5,75,071 பேரும் அந்த ஆய்வில் அடங்குவர். தொடர்பில் இருந்தோரைச் சோதித்ததில், சுமார் 71 விழுக்காடு நோயாளிகளிடமிருந்து ஒருவருக்கும் தொற்று பரவியதாகத் தெரியவில்லை. இறப்பு விகிதம் 5 முதல் 17 வயதினரிடம் 0.05 விழுக்காடு, 85 வயதுக்கு மேல் 16.6 விழுக்காடு. தீவிர சிகிச்சை மருத்துவருக்கு அதில் முதன்மையானது வேறொரு எண். இங்கே இறந்தவர்கள் அதற்குமுன் மருத்துவமனையில் இருந்தது சராசரியாக 5 நாட்கள். அமெரிக்காவில் அது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரக் கணக்கை மேற்கோளாக வைத்துக்கொண்டு இங்கே படுக்கைகளையும் சுவாசக் கருவிகளையும் திட்டமிட்டால் கணக்கு பொருந்தாது.