கொனனின் லெமூரியாவும் எங்கள் லெமூரியாவும்

கொனன் என்ற பெயரை எங்களில் அநேகர் அறிந்தது 1982இல் வெளிவந்த ஆர்னோல்ட் சுவார்செனெகரின் படத்தினூடாகத்தான். அந்த வாள்வீரனைக் கற்பனை செய்தவர் ரெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தாய் தகப்பனோடு வாழ்ந்து, முப்பது வயதில் செத்துப்போன ஒருவர் என்பதை நாங்கள் வெகுகாலம் பிந்தியே அறிந்தோம்.

றொபேர்ட் ஈ. ஹவார்ட் பிறந்தது 1906இல். தகப்பன் ஊர் ஊராக மாறித் திரிந்த வைத்தியர். 1919இல் குடும்பம் கிறொஸ் பிளேய்ன்ஸ் என்ற ஊரில் தரித்தது. பிறகு அப்பகுதியில் எண்ணெய் பொங்கியது. எண்ணெயோடு சூதாடிகளும் கள்ளச்சாராயக்காரரும் சண்டியர்களும் கூலித் தொழிலாளரும் வந்து சேர்ந்தார்கள். கொனனை எங்கிருந்து பிடித்தீர் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு, தான் கண்ட இத்தகைய மனிதர்களையெல்லாம் ஒன்றாய்ப் பிசைந்து செய்தவனே அவன் என்று ஹவார்ட் எழுதினார்.

1924இல், பதினெட்டு வயதில், 'வியேர்ட் ரேல்ஸ்' என்ற சஞ்சிகை அவருடைய முதற் கதையை ஏற்றுக்கொண்டது. சொல்லுக்கு அரைச்சதம், மொத்தம் 16 டொலர். கதை 1925 ஜூலையில்தான் அச்சாகியது. கதை அச்சாகினால்தான் காசு என்பது அச்சஞ்சிகையின் வழமை. அந்த ஆண்டுகளில் அவர் பருத்தி ஆய்ந்தார், குப்பை ஏற்றினார், நில அளவையாளருக்குக் கோல் பிடித்தார், சுருக்கெழுத்து எழுதினார், மருந்துக்கடை ஒன்றில் வாரம் ஏழு நாளும் சோடா ஊற்றிக் கொடுத்தார். எழுத நேரமில்லை. கோப்பை கழுவி முடித்து நள்ளிரவில் கொப்பியை விரிக்கும் எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஈற்றில் தகப்பனோடு ஓர் உடன்பாடு: பிறவுண்வூட் நகரில் கணக்குப்பதிவு படித்து முடித்தால் ஒரு வருடம் எழுதிப் பார்க்கலாம், சரிவராவிட்டால் கணக்கப்பிள்ளை வேலை. 1927இல் படித்து முடித்தார். கணக்கப்பிள்ளை ஆகவில்லை.

அவர் எழுதிய விதம் அயலவர்களுக்கு மனப்பாடம். சின்ன அறையில் தட்டச்சு இயந்திரத்தின் முன் இருந்துகொண்டு, அடிக்கும் வசனத்தை உரத்த குரலில் சொல்லிச் சொல்லி அடிப்பார். சண்டைக் காட்சி என்றால் தெருவுக்கே கேட்கும். விலைப்படாத கதையை அவர் எறிந்துவிடுவதில்லை. அத்லாந்திஸிலிருந்து வந்த குல் என்ற அரசனைப் பற்றிய, எவரும் வாங்காத ஒரு கதையையே திருத்தி எழுதி, 1932 டிசம்பரில் முதலாவது கொனன் கதையாக வெளியிட்டார்.

அவருக்கு உண்மையில் பிடித்தது சரித்திரம். சிலுவைப் போர்க்காலக் கதைகள் சில எழுதினார். ஆனால் சரித்திரக் கதைக்கு நூல்களைத் தேட வேண்டும். தேடும் நாட்களுக்குச் சம்பளமில்லை. அக்கதைகளை வாங்கும் சஞ்சிகைகளும் ஒன்றிரண்டுதான். ஆகவே எந்தப் பண்டிதரும் பிழை பிடிக்க முடியாத ஒரு சரித்திரத்தைத் தானே செய்துகொண்டார். அத்லாந்திஸ் மூழ்கியதற்கும் நாமறிந்த வரலாறு தொடங்குவதற்கும் இடையில் 'ஹைபோரிய யுகம்' என்றொரு காலம். ஐரோப்பிய வரைபடத்தின் மேல் அதன் நாடுகளை வரைந்தார். இனங்களின் இடப்பெயர்வையும் பேரரசுகளின் வீழ்ச்சியையும் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதித் தன் பாவனைக்கு வைத்துக்கொண்டார். அதில் அவர் காலத்து வெள்ளை ரெக்சாஸின் இனத்திமிர் நிறையவே கிடக்கிறது. கறுப்பு மனிதர்களை அவர் எழுதிய விதம் இன்று படிக்கக் கூசுகிறது. அதை மறைத்து அவரைப் புகழ்வதில் எங்களுக்கு விருப்பமில்லை.

1935 மே மாதம், தாயின் காசநோய்ச் செலவு தாங்கமுடியாமல், தனக்கு வரவேண்டிய 800 டொலருக்கு மேற்பட்ட பாக்கியைக் கேட்டுச் சஞ்சிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். 1936 ஜூன் 11இல், தாய் இனி நினைவு திரும்பமாட்டார் என்று அறிந்த காலையில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாள் தாயும் இறந்தார். அந்த வீடு இப்போது நூதனசாலை.

அந்த ஹைபோரியக் கட்டுரையில் லெமூரியாவும் வருகிறது. கடல்கோளுக்குத் தப்பிய லெமூரியர் கிழக்குக் கரையில் ஒதுங்கி, அங்கிருந்தவர்களுக்கு அடிமையாகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் பின் கிளர்ந்தெழுகிறார்கள். (வாசித்தபோது எங்களுக்குச் சற்று உறைக்கத்தான் செய்தது.) லெமூரியா ஹவார்டின் கண்டுபிடிப்பு அல்ல. 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலாளர், மடகஸ்காரின் லெமூர் வகை விலங்குகளுக்கு இந்தியாவில் உறவு எப்படி என்று விளக்க ஊகித்த நிலப்பரப்பு அது. பிளாவாட்ஸ்கி அம்மையாரின் பிரமஞானிகள் அதில் மனிதரைக் குடியேற்றினார்கள். எங்கள் அறிஞர்கள் அதைக் குமரிக்கண்டமாக்கினார்கள். 1960களில் கண்டத்தட்டுகளின் நகர்வு நிறுவப்பட்டபின் விஞ்ஞானத்துக்கு லெமூரியா தேவைப்படவில்லை. எங்களுக்குத்தான் இன்னும் தேவைப்படுகிறது!

ஹவார்ட் தன் கட்டுரையின் தலைப்பிலேயே, இது ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாற்றுக்கு எதிரான கொள்கை அல்ல, கதைகளுக்கான கற்பனைப் பின்னணி மட்டுமே என்று எழுதிவைத்தார். சொல்லுக்கு அரைச்சதம் வாங்கிய மனிதருக்கு இருந்த அந்தக் கவனம் எங்கள் மேடைகளில் இல்லை. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களுக்கும் 9,990 ஆண்டுகள் கணக்குச் சொல்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கடல்கொண்ட நாற்பத்தொன்பது நாடுகளை வகைப்படுத்துகிறார். இவை அருமையான பழங்கதைகள். அவற்றை வரலாறென்று புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மகாவம்சத்தைக் காணி உறுதியாக நீட்டுபவர்களுக்கு, கடலடியில் கிடக்கும் காணியின் உறுதியை நாங்கள் பதிலாக நீட்டுகிறோம். 1980இல் ஆனைக்கோட்டையில் பேராசிரியர் இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் தோண்டியெடுத்த சின்னஞ்சிறு முத்திரை நாற்பத்தொன்பது நாடுகளையும்விடக் கனமானது. மறுவருடம் யாழ் நூலகத்தோடு எரிந்தவை 90,000க்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும். எரிந்ததன் வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பினால், எரித்தவர்களுக்கு அது வசதியாகவே இருக்கும்.

குமரிக்கண்டம் வேண்டாம் என்பதல்ல. அந்த நாடுகளை வைத்து எங்கள் இளையவர் ஒருவர் மாயாசால நாவல் எழுதினால் முதலில் வாங்கிப் படிப்பவர்கள் நாங்கள்தான். பஃறுளியாற்றில் வலை வீசியவர்கள் யார், ஏழ்தெங்க நாட்டில் மரமேறியவனுக்கு என்ன கூலி, அரண்மனை அடுப்படியில் வேலை செய்தவர்கள் எங்கே படுத்தார்கள், கடல் எழுந்த அன்று வள்ளத்தில் இடம் கிடைத்தவர்கள் யார், கரையில் விடப்பட்டவர்கள் யார் என்று எழுத எவ்வளவோ கிடக்கிறது.