இளவேனிலைத் தேடிய மிதிவண்டி

வழிச்செலவே பாட்டாகும் என்பதை ஆற்றுப்படை நூல்களால் அறிந்தவர் தமிழர். இங்கிலாந்தில் ஒரு மிதிவண்டிப் பயணம் உரைநடையாளர் ஒருவரைக் கவிஞராக்கிய வரலாறு, அவ்வகையில் நாம் அறியத்தக்கது.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' மிதிவண்டியும், 1888இல் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரும் நெடும்பயணத்தை எளிதாக்கின. குதிரை வைத்துக்கொள்ள வசதியற்ற எழுத்தரும் கடைச் சிப்பந்தியும் விடுமுறை நாளில் ஊர்ப்புறம் காணப் புறப்பட்டனர். 1896இல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய மிதிவண்டிப் பயண நாவலின் தலைவன் ஒரு துணிக்கடைச் சிப்பந்தியே. துணைக்கு ஆளின்றி வெளியே செல்லும் உரிமையைப் பெண்களுக்குப் பெற்றுத்தந்ததிலும் இவ்வண்டிக்குப் பங்குண்டு.

மிதிவண்டிப் பயணிகளுக்கான சங்கம் இங்கிலாந்தில் தோன்றிய 1878ஆம் ஆண்டிலேயே இலண்டனில் பிறந்தவர் எட்வர்டு தாமஸ். நூல் மதிப்புரைகளும் பதிப்பாளர் வேண்டியவாறு எழுதித்தரும் நூல்களுமே அவருடைய பிழைப்பு. மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பத்தை அவ்வருவாயே காத்தது. பிறர் கவிதைகளை எடைபோடுவதில் அவர் வல்லவர். தாம் கவிதை எழுதக்கூடும் என்று மட்டும் அவர் நம்பவில்லை.

1913 மார்ச் 21, பெரிய வெள்ளி. வசந்தத்தை எதிர்கொள்ள எண்ணி, இலண்டனிலிருந்து அவர் மிதிவண்டியில் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். கில்ட்ஃபோர்டு, சாலிஸ்பரிச் சமவெளி, ஷெப்டன் மாலட், பிரிட்ஜ்வாட்டர் எனச் சென்ற வழி, சாமர்செட் பகுதியின் குவாண்டாக் குன்றுகளில் முடிந்தது. 1797-98இல் கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் அருகருகே வாழ்ந்து கவிதை வளர்த்த நிலம் அது. கவிஞர் மண்ணைத் தேடிச் சென்றவர் தாமும் கவிஞராவார் என அப்போது அறியார்.

இரயிலில் செல்வோனுக்கு ஊர்கள் கணத்தில் மறையும். நடப்போனுக்கோ ஒரு வாரத்தில் இத்துணைத் தொலைவு கூடாது. மிதிவண்டி இரண்டிற்கும் இடைப்பட்ட நடையைத் தந்தது. மேட்டில் இறங்கித் தள்ளும்போது வேலியோரப் பூவும், சரிவில் இறங்கும்போது முகத்தில் மோதும் காற்றும், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் எதிர்ப்படும் மனிதரும் அவர் எழுத்தில் இடம்பெற்றனர். வழிநெடுக எதிர்ப்படும் 'மற்றொருவன்' என்னும் பாத்திரத்தில் தம் நிழலையே அவர் படைத்தார் என்பர். 1914இல் 'இன் பர்சூட் ஆஃப் ஸ்பிரிங்' என வெளிவந்த அந்நூலின் இறுதி இயலுக்குக் 'குளிர்காலத்தின் கல்லறை' என்பது பொருள்பட அவர் தலைப்பிட்டார்.

அந்நூலைப் படித்த அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் ஃபிராஸ்ட் அதன் பத்திகளிலேயே கவிதை இருப்பதைக் கண்டார். அதே ஓசைநடையை விடாது, அவற்றைப் பாவடிவில் எழுதுமாறு நண்பரை வற்புறுத்தினார். 1914 டிசம்பரில், தம் 36ஆம் வயதில், தாமஸ் கவிதை எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ ஈராண்டில் 140க்கும் மேற்பட்ட கவிதைகள் பிறந்தன. 1915இல் படையில் சேர்ந்த அவர், 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்சின் அராஸ் போர்க்களத்தில் மடிந்தார். அவருடைய கவிதைத் தொகுதி அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை.

பயணம் அவருக்குக் காட்சியையும் ஓசையையும் தந்தது. ஆயினும் ஃபிராஸ்டின் சொல் இல்லையேல் அவை உரைநடையாகவே நின்றிருக்கும். அச்சொல் சில ஆண்டுகள் தாழ்ந்திருந்தால் போர் அவரை முந்திக்கொண்டிருக்கும். ஒருவர் எழுத்தை மற்றொருவர் கூர்ந்து படித்து, அதில் உள்ளதை அவருக்கே உரிய காலத்தில் எடுத்துரைப்பது சிறிய தொண்டன்று. பத்தாண்டுகளாகக் கூடிவரும் நம் வட்டத்தின் தலையாய பணியும் அதுவே எனலாம்.