ஜஹீராபாத் சங்கப் பெண்களின் விதைத் திருவிழாவும் ஊடகப் பணியும்

தெலங்கானா மாநிலத்தின் ஜஹீராபாத் வட்டாரத்தில் சிறுதானியம் பயிரிடும் பெண் உழவர்கள், மழை குறைந்த காலத்திலும் விளைச்சல் தரும் தங்கள் பயிர்முறையைப் பாட்டு, கதை, ஆவணப்படம், வானொலி, மாட்டுவண்டி ஊர்வலம் ஆகியவற்றின் வழியே ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். இவர்களுள் பெரும்பாலோர் தலித் பெண்கள். பிறர் வந்து தங்களைப் பற்றிச் சொல்லக் காத்திராமல், தங்கள் அறிவைத் தாங்களே எடுத்துச் சொன்னது இம்முயற்சியின் தனித்தன்மை ஆகும்.

பின்னணி

ஜஹீராபாத் முன்பு மெதக் மாவட்டத்தில் இருந்தது. இன்று சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. இது மழையை நம்பிய மேட்டுநிலப் பகுதி. சோளம், தினை, சாமை, கம்பு, துவரை, கொள்ளு போன்றவை இங்கு வழிவழியாக விளைந்தன. 1983-இல் ஆந்திரப் பிரதேச அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பசி தணிந்தது, ஆனால் ரேஷன் அரிசி வந்தபின் சிறுதானியத்தின் தேவை குறைந்தது. நிலங்கள் தரிசாகின. அரிசி மதிப்புக்குரிய உணவு, சோளம் ஏழையின் உணவு என்ற எண்ணமும் வலுத்தது.

அதே 1983-இல் தக்காண வளர்ச்சிக் கழகம் தோன்றியது. தூர்தர்ஷனில் தயாரிப்பாளராகப் பணியாற்றிய பி. வி. சதீஷ் அதன் நிறுவனர்களுள் ஒருவர். ஊர்தோறும் பெண்களின் கூட்டமைப்புகள் உருவாயின. இவை 'சங்கம்' எனப்பட்டன. சங்கப் பெண்கள் தரிசு நிலங்களைத் திருத்தினர். விதை வங்கிகளை அமைத்தனர். 1990-களின் நடுவில், உள்ளூரில் விளைந்த சோளத்தைச் சேமித்து ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கும் தானிய நிதியையும் தொடங்கினர்.

பயிர்முறை

இப்பெண்கள் ஒரே நிலத்தில் பத்துக்கும் மேற்பட்ட பயிர்களைக் கலந்து விதைக்கின்றனர். மழை பிந்தினால் ஒரு பயிர் கெடலாம், மற்றொன்று பிழைக்கும். துவரை போன்ற பருப்பு வகைகள் மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருகின்றன. சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனமாகிறது. பாசனமோ வேதியுரமோ இன்றி, பனியின் ஈரத்தைக் கொண்டே குளிர்காலத்தில் விளையும் பயிர்களை இவர்கள் 'சத்தியம் பண்டலு' என அழைக்கின்றனர்; உண்மையின் பயிர்கள் என்பது பொருள். பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு பரவுவதற்கு முன்பே, நிச்சயமற்ற மழையைச் சமாளிக்கும் வழி இங்கு இருந்தது. அந்த வழிக்கு மதிப்பில்லாமல் போனதுதான் சிக்கல். அடுத்த தலைமுறை அதைக் கைவிட்டால் விதையும் அதனோடு சேர்ந்த அறிவும் ஒருங்கே அழிந்துவிடும்.

பழைய பயிர்களின் திருவிழா

இந்நிலையை மாற்ற, ஊர்த்திருவிழாவின் வடிவத்தையே சங்கங்கள் கையில் எடுத்தன. 'பாத பண்டல ஜாதரா', அதாவது பழைய பயிர்களின் திருவிழா, சங்கராந்தியன்று தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் நடைபெறுகிறது. அலங்கரித்த மாட்டுவண்டிகளில் பலவகை விதைகளை ஏற்றி ஊர் ஊராகச் செல்கின்றனர். ஒவ்வொரு ஊரிலும் பாட்டும் ஆட்டமும் வரவேற்பும் உண்டு. பிறகு மக்கள் கூடி, எந்த விதை ஊரைவிட்டு மறைந்தது, எதை மீண்டும் விதைக்கலாம் என்று பேசுகின்றனர். வழக்கமாகச் சாமிக்கு எடுக்கும் ஊர்வலம் இங்கு விதைக்கு எடுக்கப்படுகிறது. ஏழையின் உணவு என ஒதுக்கப்பட்ட தானியம் ஊர் நடுவே மரியாதை பெறுகிறது.

படக்கருவி

1990-களின் இறுதியில் சங்கப் பெண்கள் சிலர் வீடியோ எடுக்கப் பயின்றனர். அவர்களுள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2001-இல் சமுதாய ஊடக அறக்கட்டளை உருவானது. வாரங்கல் பருத்தி உழவர்களின் இழப்பைப் பற்றி இப்பெண்கள் எடுத்து 2003-இல் வெளிவந்த ஆவணப்படம் வெளிநாடுகளிலும் திரையிடப்பட்டது.

படக்கோணங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் குறிப்பிடத்தக்கவை. மேலிருந்து கீழே பார்ப்பது 'பட்டேல் கோணம்'. ஊர்ப் பெரியதனக்காரர் அப்படித்தான் பார்ப்பார். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது 'அடிமைக் கோணம்'. கண்ணுக்கு நேராகப் பார்ப்பது 'சங்கக் கோணம்'. சங்கத்தில் அனைவரும் ஒரே மட்டத்தில் அமர்வதே அதற்குக் காரணம்.

சங்கம் வானொலி

வானலைகள் பொதுச்சொத்து என 1995-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. யுனெஸ்கோவின் உதவியுடன் மாச்சனூர் சிற்றூரில் ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது. ஆனால் ஒலிபரப்பு அனுமதி கிடைக்கவில்லை. பெண்கள் காத்திருந்த ஆண்டுகளை வீணாக்கவில்லை. நிகழ்ச்சிகளை ஒலிநாடாக்களில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர். 2006-இல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என விதிகள் மாறின. 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடங்கியது. கல்வி நிறுவனம் சாராத சமுதாய வானொலிகளுள் இது இந்தியாவில் முன்னோடியாகும். 'ஜெனரல்' நரசம்மா, அல்கோல் நரசம்மா ஆகிய இருவர் இதனை நடத்தினர். விதைப்புக் காலம், விதை பாதுகாப்பு, நாட்டு மருத்துவம் ஆகியவை உள்ளூர்த் தெலுங்குப் பேச்சுவழக்கிலேயே ஒலித்தன. பாட்டிமாரின் பாடல்களும் கதைகளும் அவற்றோடு சேர்ந்து வந்தன.

முக்கியத்துவம்

தக்காண வளர்ச்சிக் கழகத்துக்கு 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சில் சதீஷ் காலமானார். ரேஷன் அரிசி வந்த நாளில் பின்தங்கியதாகக் கருதப்பட்ட தானியம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் உலக அரங்கில் பேசப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதன் விதையையும் விதைக்கும் முறையையும் காத்தவர்களுள் ஜஹீராபாத் பெண்கள் முதன்மையானவர்கள். அவர்களுக்குப் பாட்டும் படமும் வானொலியும் உழவிலிருந்து வேறுபட்ட வேலையாக இருக்கவில்லை. விதையைக் கைமாற்றும் வழிகளாகவே இருந்தன.