டர்ஹம் நிலக்கரிச் சுரங்கங்களும் நிலத்தடி நீரும்

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹம் நிலக்கரிப் படுகை, ஆழ்சுரங்கங்கள் சுற்றுப்புற நிலத்தடி நீரை எப்படி மாற்றுகின்றன என்பது விரிவாக ஆராயப்பட்ட பகுதிகளில் ஒன்று. சுரங்கத்தால் நீருக்கு வரும் கேடு என்றதும் வறண்ட கிணறுகளே பலருக்கும் நினைவுக்கு வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கரியை எடுத்த வெற்றிடத்தில் கூரை இடிந்து விழ, மேலே உள்ள பாறை விரிசல் விடுகிறது; அந்த விரிசல் வழியே நீர் கீழே இறங்குகிறது; உள்ளே ஆட்கள் வேலை செய்ய வேண்டுமானால் அந்த நீரை இரவு பகலாக இறைத்துக் கொட்ட வேண்டும். ஆனால் நீரின் அளவு குறைவது வேலை நடக்கும் காலத்துக் கேடு. தரம் கெடுவது பெரும்பாலும் சுரங்கத்தை மூடிப் பம்பை நிறுத்திய பிறகே முழு வடிவம் எடுக்கிறது. டர்ஹமின் வரலாறு இதைத் தெளிவாகவே காட்டுகிறது.

காரணம் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு. கரியிலும் அதை அடுத்த களிப்பாறையிலும் கலந்துள்ள இந்தக் கனிமம் நீருக்கு அடியில் இருக்கும்வரை ஏறக்குறைய மாறாமல் கிடக்கும். இறைப்பினால் நீர்மட்டம் தாழ்ந்து காற்று உள்ளே புகும்போது, அது ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து இரும்பையும் சல்பேட்டையும் அமிலத்தையும் உண்டாக்குகிறது. சுரங்க நீரில் வாழும் நுண்ணுயிரிகள் இதை மேலும் விரைவுபடுத்துகின்றன. விளைபொருளில் ஒரு பங்கு உப்புப் படிவமாகச் சுவர்களிலேயே தங்கிவிடுகிறது. பம்பு நின்று நீர்மட்டம் ஏறும்போது, பல ஆண்டுகளாகச் சேர்ந்த அந்த உப்பு மொத்தமாகக் கரைகிறது. எனவே ஏறி வரும் நீர், சுரங்கம் இயங்கியபோது இறைத்த நீரைவிடப் பல மடங்கு மோசமாக இருக்கக்கூடும். அந்த நீர் நிலத்துக்கு வெளியே காற்றைக் கண்டதும் கரைந்திருந்த இரும்பு காவி நிறச் சேறாகப் படிந்து, ஓடைகளின் அடித்தளத்தை மூடி, அங்குள்ள பூச்சிகளையும் மீன் முட்டைகளையும் மூச்சடைக்கச் செய்கிறது.

டர்ஹமின் கிழக்குப் பகுதியில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே கரியடுக்குகளுக்கு மேல் மக்னீசியச் சுண்ணாம்புக்கல் பரவியிருக்கிறது. அது அப்பகுதிக்குக் குடிநீர் தரும் நீர்த்தாங்கி. அதன் அடியில் உள்ள மணலும் நீர் நிறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாடன் சுரங்கத்துக்குச் செங்குத்துக் குழி இறக்கியபோது, இந்த நீரைத் தடுக்க நிலத்தை உறைய வைத்துத்தான் தோண்ட முடிந்தது. கடற்கரைச் சுரங்கங்கள் வட கடலின் அடியில் சில கிலோமீட்டர் வரை சென்றன. அடுத்தடுத்த சுரங்கங்கள் உள்ளுக்குள் இணைந்தும் இருந்தன. 1993இல் ஈசிங்டனும் வேர்மவுத்தும் மூடப்பட்டதோடு இப்படுகையில் ஆழ்சுரங்கத் தொழில் முடிந்தது. வெற்றிடங்கள் நிரம்பத் தொடங்கின. அந்த உப்பும் இரும்பும் கலந்த நீரை அப்படியே ஏறவிட்டால், தரைக்கு வருமுன்பே குடிநீர்த் தாங்கிக்குள் புகுந்துவிடும். ‘வெளியே வழிந்த பின் சுத்திகரித்துக்கொள்ளலாம்’ என்ற வாதம் இங்கே எடுபடாததற்கு இதுவே காரணம். நிலத்துக்கடியில் கெட்டுப்போன சுண்ணாம்புக்கல் நீரை யாரும் அள்ளித் திருத்த முடியாது. ஆகவே 2000களில் ஹோர்டனிலும் டாடனிலும் மீண்டும் பம்புகள் வைத்து, நீர்மட்டத்தைச் சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே நிறுத்தி, இரும்பைப் பிரித்தபின் நீரைக் கடலில் விடும் ஏற்பாடு வந்தது.

காலம் போனால் நீர் தானே தெளியும் என்பது இந்த இறைப்புக்கு எதிரான வலுவான ஆட்சேபம். முதல் அலையில் உப்பெல்லாம் கழுவப்பட்ட பிறகு இரும்பின் அளவு குறைகிறது என்பது உண்மை. நியூகாசிலில் பணியாற்றிய நீர்ப்புவியியலாளர் பால் யங்கர், வெற்றிடம் நிரம்ப எடுத்த காலத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் இந்த முதல் அலை நீடிக்கும் என்று கணித்தார். அதாவது பத்தாண்டில் நிரம்பிய சுரங்கம் நாற்பது ஆண்டு தொல்லை தரும். அதன் பிறகும், நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் பைரைட் காற்றையும் நீரையும் மாறிமாறிக் கண்டு புதிய அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தானே தெளியும் என்பது தவறல்ல. ஒரு தலைமுறை குடிநீருக்குக் காத்திருக்க முடியாது என்பதுதான் பதில்.

இந்திய நிலைமை வேறு என்று சொல்வோரும் உண்டு. ஜாரியா போன்ற இடங்களின் பழமையான கோண்டுவானாக் கரியில் கந்தகம் பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சுரங்க நீரும் பெரும்பாலும் அமிலமாக இருப்பதில்லை. அதனால் அதைக் கிராமங்களுக்கு வழங்கவும் முடிகிறது. ஆனால் அமிலம் இல்லாத நீர் எல்லாம் நல்ல நீர் ஆகிவிடாது. பாறையிலுள்ள கார்பனேட் அமிலத்தை முறிக்கும்போதே கடினத்தன்மையும் சல்பேட்டும் கூடுகின்றன. இந்தியக் குடிநீர்த் தரம் சல்பேட்டுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், மாற்று வழி இல்லாதபோது 400 என்றும் வரம்பு வைக்கிறது. சுரங்க நீரைப் பானையில் ஊற்றுமுன் பார்க்க வேண்டியது இதைத்தான், நிறத்தை அல்ல. மேகாலயாவிலும் அசாமிலும் கிடைக்கும் இளைய கரியிலோ கந்தகம் மிகுதி. அங்கே ஓடைகளே அமிலமாகியிருக்கின்றன. (நெய்வேலியை இதனோடு சேர்க்கக் கூடாது. அது திறந்தவெளிச் சுரங்கம்; அங்கே முதன்மைச் சிக்கல், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துத் தணிப்பது.)

கேடு மூடிய பின் வருவதால் செலவும் மூடிய பின்னரே வருகிறது. அப்போது கரி விற்ற வருமானம் இருக்காது. பிரிட்டனில் 1999 முடியும்வரை கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து கெட்ட நீர் வழிய விட்டதற்காக அதன் உரிமையாளரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. டர்ஹம் ஆழ்சுரங்கங்கள் அனைத்தும் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டன. இன்று அங்கே பம்பு ஓடுவது, 1994இல் உருவான அரசு நிலக்கரி ஆணையத்தின் வழிவந்த அமைப்பின் பொதுப்பணத்தில். இறைத்த நீரின் வெப்பத்தை வீடுகளுக்குப் பயன்படுத்திச் செலவில் ஒரு பங்கை மீட்கலாம் என்ற நம்பிக்கை இப்போது வளர்ந்துவருகிறது. ஆனால் வெப்பத்தை எடுத்த பிறகும் இரும்பு நீரிலேயே இருக்கும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் வழி வேறு: கடைசிச் சுரங்கம் 2018இல் மூடப்படுவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, முடிவில்லாத நீரிறைப்புச் செலவுக்கென ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டு, அதன் முதலீடுகளிலிருந்து வரும் வருவாயில் அங்கே பம்புகள் ஓடுகின்றன.